எட்டு போடச் சொன்ன இடத்தில் ஏழு

கல்மண்டபம், ராயபுரம்.
சனிக்கிழமை.

கர்த்தருக்குள் பிரியமான மருமகன் ஜெபினுக்கு, தேவப்பிரியம் மாமா எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அத்தையும் ஜெஸ்லினும் தேவ கிருபையால் நலம். பெங்களூரில் நீயும், ஊரில் என் தங்கையாகிய உன் அம்மாவும், அவளுடைய இரண்டு முழங்கால்களும் நலமாயிருக்க நாள்தோறும் ஜெபிக்கிறோம்.

ஜெஸ்லின் தேர்வானதை அவளே உனக்குப் போனில் சொல்லியிருப்பாள். நாலு நாளாக இறங்காத சோறு நேற்றுதான் எனக்கு இறங்கியது. ஆனால் கம்ப்யூட்டர் எப்படிச் சரியானது என்று நீ கேட்டதற்கு, "அப்பாகிட்டயே கேளுங்க அத்தான்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாளாம். அதனால்தான் இந்தக் கடிதம். போனில் சொன்னால் நீ சிரிப்பது என் காதில் விழும். கடிதம் என்றால் நான் இல்லாத இடத்தில் சிரித்துக்கொள்ளலாம்.

திங்கட்கிழமை நடந்தது உனக்கு நினைவிருக்கும். எந்தத் தளத்தைத் திறந்தாலும் முகவரி கிடைக்கவில்லை என்று அந்தப் பெட்டி ஒரே பாட்டாகப் பாடிக்கொண்டிருந்தது. வியாழன் பத்து மணிக்கு ஜெஸ்லினுக்குத் தேர்வு. எந்தக் கப்பலில் எந்த கண்டெய்னரை எங்கே அடுக்குவது என்று திட்டம் போடுகிற வேலை, எண்ணூர்ப் பக்கம். பதிவு செய்த கம்ப்யூட்டரில்தான் எழுத வேண்டும், தனி அறையில், கேமராவுக்கு முகத்தைக் காட்டியபடி. ஏற்கெனவே இரண்டு கம்பெனியில் கடைசிச் சுற்றுவரை போய்த் திரும்பியவள். "இதுவும் போச்சுன்னா இனிமே எழுத மாட்டேன்ப்பா, உன் கடையிலயே வலை வித்துட்டு உக்காந்துடறேன்" என்று சொல்லியிருந்தாள். நான் முப்பது வருஷமாக வலையும் கயிறும் விற்கிறவன். என் பிள்ளை வாயிலிருந்து அதைக் கேட்டவன், பெட்டி படுத்ததும் உனக்குத்தான் போன் போட்டேன்.

நீ ஆபீஸ் வேலையை ஒதுக்கிவைத்துவிட்டுப் பொறுமையாகச் சொன்னாய். "மாமா, கம்ப்யூட்டருக்குப் பேரு புரியாது, நம்பர்தான் புரியும். பேரைச் சொன்னா நம்பர் எடுத்துக் குடுக்க ஒரு விசாரணை கவுண்டர் உண்டு. உங்க நெட்காரங்க கவுண்டர் படுத்துட்டு போல. வேற கவுண்டர் தாரேன், கட்டத்துல போடுங்க. எட்டு, புள்ளி, எட்டு, புள்ளி, எட்டு, புள்ளி, எட்டு."

மருமகனே, நாம் வேதக்காரர்கள். நாள், நட்சத்திரம், ராகு காலம் ஒன்றும் பார்ப்பதில்லை. ஆனால் எட்டு என்பது வேறு விஷயம். என் முதல் கடை எட்டாம் நம்பர். ஒரே மழையில் சரக்கு முழுக்க முழங்கால் தண்ணீரில் நின்றது. அடுத்து வாங்கிய லோடு ஆட்டோவின் நம்பரைக் கூட்டினால் எட்டு. மணலி ரோட்டில் டேங்கர் லாரிக்காரன் அதைப் பின்னாலிருந்து நசுக்கினான். ஒரு எட்டுக்கே இந்தப் பாடு என்றால், பிள்ளையின் எதிர்காலம் இருக்கிற பெட்டிக்குள் நான்கு எட்டை என் கையாலேயே எப்படிப் போடுவேன்? ஏழு போட்டேன். நாலு ஏழு. வேதத்தில் ஏழு நிறைவான எண், கூட்டினாலும் இருபத்தெட்டு, அதையும் கூட்டினால் பத்து, அதாவது ஒன்று. நீ "போட்டாச்சா மாமா?" என்றாய். "போட்டாச்சு" என்றேன். அது பொய் இல்லை, என்ன போட்டேன் என்று நீ கேட்கவில்லை.

அங்கே பிடித்தது சனி. நீ கறுப்புத் திரையைத் திறந்து லைன் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க, பிங் என்று அடித்து அதே நம்பரைப் போடச் சொன்னாய், நான் என் நம்பரைப் போட்டேன், பதிலே வரவில்லை என்றதும் "லைனே இல்ல மாமா, நெட்காரரைக் கூப்பிடுங்க" என்றாய், நெட்காரன் தப்ரேஸ் செவ்வாய்க்கிழமை வந்து கம்பத்தில் ஏறி வயரையெல்லாம் மாற்றிவிட்டுத் தன் லேப்டாப்பை மாட்டிப் பார்த்தால் அதில் பிரமாதமாக ஓடுது. "நேத்து எங்க சர்வர் மல்லாந்துச்சு நைனா, மத்தியானமே சரி பண்ட்டாங்கோ. லைன் சூப்பரா கீது. உன் பொட்டிதான் பேஜாரு" என்று சொல்லிவிட்டு டீகூடக் குடிக்காமல் போய்ட்டான். ஜெஸ்லின் தன் போனிலிருந்து நெட் கொடுத்துப் பார்த்தாள், போனில் வருது, பெட்டியில் வரல. உன் அத்தை துறைமுகக் காத்தில் உள்ளே துருப்பிடிச்சிருக்கும் என்று ஹேர் டிரையரை எடுத்து ஊதினாள். புதன்கிழமை வீட்டு ஜெபக் கூட்டத்தில் சிலுவையம்மாள் அக்கா கம்ப்யூட்டர் மேல் கையை வைத்து, இதுக்குள் தடையாக உட்கார்ந்திருப்பது எதுவானாலும் வெளியே போகட்டும் என்று கண்ணீரோடு ஜெபித்தாள். பதினாறு பேர் ஆமென் சொன்னார்கள். உட்கார வைத்தவன் நான், பதினேழாவது ஆமென் எனக்கு வாயில் வரவில்லை.

வியாழன் ஒன்பதரை. ஜெஸ்லின் தலைவாரி, நல்ல சட்டை போட்டு, அந்தச் செத்த திரைக்கு முன்னால் சும்மா உட்கார்ந்திருந்தாள். அழக்கூட இல்லை. "விடுப்பா. சாயங்காலம் கடைக்கு வர்றேன்" என்றாள். அதற்குமேல் என்னால் முடியவில்லை.

"அம்மாடி, அந்தக் கட்டத்துல ஏழு இருக்கு."

"எந்தக் கட்டத்துல?"

"ஜெபின் எட்டு சொன்ன கட்டத்துல."

என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு திரும்பி ஏழையெல்லாம் அழித்து எட்டைத் தட்டினாள். எண்ணி மூன்று விநாடி, தேர்வுத் தளம் திறந்தது. நான் வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, இரண்டு மணி நேரம் காலிங் பெல்லைக் கையால் மூடிக்கொண்டு அழுதேன். உன் அத்தை அதைப் பார்த்துப் பிள்ளை தோற்றுவிட்டாள் என்று நினைத்துச் சேர்ந்து அழுதது தனிக் கதை.

நேற்று முடிவு வந்தது. எனக்கு நிம்மதி என்றால் அப்படியொரு நிம்மதி. என் கிறுக்குத்தனத்துக்காக உன்னிடமும், தப்ரேஸிடமும், அந்தப் பதினாறு பேரிடமும் மன்னிப்பு கேட்கிறேன். எட்டின் மேல் இருந்த பயம் இன்றோடு போயிற்று. வேலையில் சேரச் சொன்ன நாள் பதினேழாம் தேதி. ஒன்றையும் ஏழையும் நான் கூட்டக்கூட இல்லை, பார்த்துக்கொள்.

ஆண்டவர் உன் வேலையையும் உன் பொறுமையையும் ஆசீர்வதிப்பாராக. அத்தை நெத்திலிக் கருவாடு அனுப்புகிறாள், பக்கத்து வீட்டுக்காரர்கள் இல்லாத நேரமாகப் பார்த்து வறுக்கவும்.

உன் பிரியமுள்ள மாமா,
தேவப்பிரியம்.

பி.கு.: கடிதத்தை ஒட்டும்முன் ஒரு சேதி. அம்மாவும் மகளும் துணி எடுக்க வண்ணாரப்பேட்டை போனதும், சும்மா பார்ப்போமே என்று எட்டை அழித்துவிட்டு நாலு ஒன்பது போட்டேன். அந்த நம்பரிலும் ஒரு கவுண்டர் இருக்கும் போல, அருமையாக ஓடுகிறது. எட்டுதான் வேண்டும் என்பது இல்லை என்று எனக்கு அப்போதே தெரியும். ஆகையால், சேரும் நாளைப் பதினேழிலிருந்து பதினெட்டுக்கு மாற்றச் சொல்லி அந்தக் கம்பெனிக்கு நல்ல இங்கிலீஷில் ஒரு மெயில் எழுதி உடனே எனக்கு அனுப்பவும். ஜெஸ்லினுக்குத் தெரிய வேண்டாம்.