முப்பத்தேழாம் எண் குயில்

பழைய பேட்டரியைப் பெயர்த்தெடுத்து மேசைமேல் வைத்த பிறகுதான் நாகஜோதிக்குத் தன் வலது கை செய்த காரியம் புரிந்தது.

"ஐயையோ," என்றாள். கடையில் வேறு யாரும் இல்லாததால் அதற்குப் பதில் வரவில்லை.

ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின் சந்தில் அவள் நடத்துவது கீபோர்டு ரிப்பேர் கடை. பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் படித்து, கப்பலூரில் ஒரு கம்பெனியில் ஆறு வருஷம் சர்க்யூட் போர்டுகளுக்கு ஈயப் பத்து வைத்துவிட்டு, பிறகு சொந்தமாகக் கடை போட்டவள். தேனியிலிருந்தும் திண்டுக்கல்லிலிருந்தும் அவளைத் தேடிக் கீபோர்டுகள் வந்தன. பாதிக்கு மேல் அனுப்பிவைத்தவர் மெல்லிசைக் குழு நடத்தும் மலைச்சாமி. இப்போது மேசைமேல் வயிறு திறந்து கிடந்ததும் அந்த மலைச்சாமியின் கீபோர்டுதான்.

முப்பது வயதான ஜப்பான் சிந்தசைசர். திரையில் வெளிச்சம் போய்விட்டது என்று புதன்கிழமை கொண்டுவந்து வைத்தார். "தாயி, வெளிச்சத்த மட்டும் பாரு. உள்ள இருக்கது என் ஆயுசு," என்று சொல்லிவிட்டுப் போனார்.

வியாழக்கிழமை காலையில் அரை மணி நேரத்தில் வெளிச்சம் வந்துவிட்டது. அத்தோடு மூடியிருக்கலாம். உள்ளே ஒரு ரூபாய்க் காசு அளவில் பழைய பேட்டரி ஒன்று கண்ணில் பட்டது. இன்றைக்கோ நாளைக்கோ என்றிருந்தது. கேட்காமலே ஓர் உபகாரம் செய்துவிடலாம் என்று அவளுக்குத் தோன்றியது. அந்தக் காலத்து மிஷின்களில், வாசிப்பவர் தானே உண்டாக்கிச் சேர்த்துவைத்த ஓசைகளெல்லாம் அந்தப் பேட்டரியின் தயவில்தான் உயிரோடிருக்கும். கழற்றுவதற்கு முன்னால் நகல் எடுத்துக்கொள்ள வேண்டும். இதை நாகஜோதி குறைந்தது நாற்பது பேரிடம் சொல்லி எச்சரித்திருக்கிறாள்.

புதுப் பேட்டரியை வைத்து சுவிட்சைப் போட்டாள். புது வெளிச்சத்தில், முன்பைவிடத் தெளிவாக, நினைவகம் காலி என்று திரை அறிவித்தது.

போனது ஏதோ ஒரு ஓசை என்றால் பரவாயில்லை. போனது குயில்.

மலைச்சாமி மெல்லிசைக் குழு இருபத்திரண்டு வருஷமாகத் திருவிழாக்களில் பாடிக்கொண்டிருந்தது. முதல் பாட்டுக்கு முன்னால் மேடை விளக்கையெல்லாம் அணைத்துவிடுவார்கள். மலைச்சாமி மட்டும் கீபோர்டு முன் நின்று முப்பத்தேழாம் எண்ணை அழுத்தி, ஒரே ஒரு கட்டையில் விரலை வைப்பார். வெண்கலப் பானைக்குள் இருந்து குயில் கூவுவதுபோல் ஒரு ஓசை எழும்பி, ஊருக்கு மேல் போய், கடைசியில் லேசாக நடுங்கி அடங்கும். அதற்கப்புறம் விசில் அடங்கக் கால் மணி நேரமாகும். உசிலம்பட்டிப் பக்கம் கமிட்டிக்காரர்கள் முன்பதிவு செய்ய வரும்போது பாடகர் யார் என்று கேட்பதில்லை. "குயிலு உண்டுல்ல?" என்றுதான் கேட்பார்கள்.

ஞாயிற்றுக்கிழமை சோழவந்தானில் திருவிழாக் கச்சேரி. சனிக்கிழமை சாயங்காலம் கீபோர்டை எடுக்க வருவதாகச் சொல்லியிருந்தார்.

நாகஜோதி முதலில் சுலபமான வழியைப் பார்த்தாள். இரண்டு பட்டனைச் சேர்த்துப் பிடித்தால், கம்பெனியில் இருந்து வந்தபோது இருந்த அறுபத்துநாலு ஓசைகளும் திரும்ப வரும். வந்தன. முப்பத்தேழை அழுத்தினாள். ஹெலிகாப்டர் பறந்தது.

பக்கத்து இட்லிக் கடையிலிருந்து அன்னக்கொடி எட்டிப் பார்த்தாள். "என்ன ஜோதி, மந்திரி யாரும் வாராகளா?"

யாரிடமாவது சொல்லாவிட்டால் நெஞ்சு வெடித்துவிடும் போலிருந்தது. நாகஜோதி எல்லாவற்றையும் சொன்னாள். "யாருகிட்டயும் மூச்சு விடாதீங்க மதினி."

"நான் ஏண்டி சொல்லப்போறேன்? அந்தக் குயில நான் எட்டுத் தடவ கேட்டிருக்கேன். எங்க சித்தி வீடு சோழவந்தான்ல. நீ செய்யி, நான் சரியா தப்பான்னு சொல்றேன்."

அப்படி ஒரு காது கிடைத்தது நல்லதாகப் போயிற்று என்று நாகஜோதி நினைத்தாள். போனில் தேடி, போன வருஷத்துக் கச்சேரியின் வீடியோ ஒன்றைக் கண்டுபிடித்தாள். பதினொரு நொடி. அதில் குயில் இரண்டு நொடி. மிச்சமெல்லாம் விசிலும், ஐஸ் கேட்டு அழுகிற ஒரு குழந்தையும். அதை வைத்துக்கொண்டு ஓசையைக் கட்ட ஆரம்பித்தாள். இரண்டு ஒலியலைகளை எடுத்து, ஒன்றின் சுருதியை ஒரு மயிரிழை விலக்கி, மேலே எழும்பும் வேகத்தைக் குறைத்து, ஒரு மணி நேரத்தில் ஏதோ கூவியது.

"இது குயில் இல்ல," என்றாள் அன்னக்கொடி. "சளி புடிச்ச காக்கா."

நாகஜோதி சளியைக் குறைத்தாள். இட்லிக் கடையில் பொங்கல் தின்றுகொண்டிருந்த தேனி வண்டி கண்டக்டர், தட்டோடு வந்து வாசலில் நின்றார். "அது தண்ணிக்குள்ள இருந்து ஊதுற மாதிரில்ல இருக்கும்?"

"யாருண்ணே உங்களுக்குச் சொன்னது?"

"அக்காதான் சொல்லுச்சு. பாவம், நல்ல சத்தம்."

தண்ணீரைச் சேர்த்தாள். அவருடைய டிரைவர் வந்தார். "ஊதுறதா? கம்பிய உரசுற மாதிரி மாப்ள அது. நான் வாடிப்பட்டில கேட்டேன்." கம்பியையும் சேர்த்தாள். பதினொரு மணிக்கு வாசலில் ஏழு பேர் நின்றார்கள். ஏழு பேர் காதிலும் ஏழு குயில்கள் இருந்தன. ஒருவர் இன்னும் சோகம் வேண்டும் என்றார். இன்னொருவர் அது பெண் குயில் என்றார். சாயங்காலம் ஆனபோது, ஒரு குயிலும் ஒரு காக்காயும் சேர்ந்து பஸ்ஸை ரிவர்ஸ் எடுப்பதுபோல் ஓர் ஓசை அவள் கையில் இருந்தது.

பொங்கல் தின்றவர்கள் அவரவர் வண்டியை எடுத்துக்கொண்டு போனார்கள். சேதியும் அவர்களோடு போயிற்று. ஐந்து மணிக்குப் போன் வந்தது.

"நான் சோழவந்தான் விழாக் கமிட்டி முத்திருளன் பேசுறேன். குயிலு செத்துப்போச்சாமே?"

"யாரு சொன்னா?"

"எங்க ஊரு வண்டி கண்டக்டரு."

"அதெல்லாம் இல்லண்ணே. கொஞ்சம் மேலுக்கு முடியல, அம்புட்டுத்தான்."

"ஞாயித்துக்கெழமைக்குள்ள பொழைச்சுருமா? நோட்டீஸ்ல போட்டுட்டோம்."

"பொழைச்சுரும்," என்றாள் நாகஜோதி. மலைச்சாமி ஒரு வார்த்தை தப்பாகச் சொன்னால் போதும், மதுரையைச் சுற்றி ஒருத்தர்கூட அவள் கடைப் படியை மிதிக்கமாட்டார்.

வெள்ளிக்கிழமை காலை அவள் டாக்டர் விக்ரமுக்குப் போன் போட்டாள். விக்ரம் பல் டாக்டர். பைபாஸ் ரோட்டில் கிளினிக். பல்லைவிட சிந்தசைசர்மேல்தான் பிரியம் அதிகம். பழசும் புதுசுமாகப் பதினொன்று வைத்திருந்தார். அதில் நாலு, மனைவிக்குத் தெரியாமல் கிளினிக்கில் எக்ஸ்ரே அறையில் இருந்தன.

குயில் என்று கேட்டதும் ஓடி வந்தார். காரிலிருந்து ஒரு பெட்டியை இறக்கினார். புதுக் காலத்து மிஷின். அதில் வாசிக்கக் கட்டையே இல்லை. பெட்டி முழுக்கத் திருகுகளும் ஓட்டைகளும், ஓட்டைக்கு ஓட்டை கலர் கலராக ஒயர்களும்.

அன்னக்கொடி சட்னிக் கரண்டியோடு வந்து பார்த்தாள். "டாக்டரே, இதுல எங்கிட்டு வாசிக்கிறது?"

"வாசிக்கிறது இல்லம்மா. ஒயரை மாத்தி மாத்திச் சொருகணும். சத்தம் தானா வரும்."

"எங்க கொழுந்தனும் கரண்டு ஆபீஸ்ல அந்த வேலதான் பாக்குறாப்ல."

டாக்டர் வீடியோவின் இரண்டு நொடியை லேப்டாப்பில் போட்டு வரைபடமாக்கிப் பார்த்தார். நாகஜோதி திருகைத் திருப்ப, அவர் பக்கத்தில் நின்று, "இன்னும் கொஞ்சம் திறங்க... பெருசா... அப்படியே வச்சுக்கங்க," என்றார் பழக்கதோஷத்தில். கிளினிக்கிலிருந்து போன்மேல் போன் வந்தது. கடைவாய்ப் பல்லோடு மூன்று பேர் காத்திருந்தார்கள்.

மத்தியானம் அவருக்கு ஒரு யோசனை வந்தது. "லேப்டாப்ல இருந்து கேபிள் வழியா நேரா உங்க கீபோர்டுக்கு அனுப்பிடலாம். ஒரே நிமிஷம்."

ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. திரை இரண்டு தடவை கண் சிமிட்டியது. நாகஜோதி முப்பத்தேழை அழுத்தினாள். 'ஙொய்ங்' என்றது. பியானோ இருந்த இடத்தை அழுத்தினாள். 'ஙொய்ங்'. புல்லாங்குழலும் 'ஙொய்ங்'. அறுபத்துநாலு இடத்திலும் டாக்டரின் ஒரே ஓசை போய் உட்கார்ந்துகொண்டது. நேற்றெல்லாம் கட்டிய காக்காக் குயிலும் போயிற்று.

மறுபடி இரண்டு பட்டனைப் பிடித்தாள். மறுபடி ஹெலிகாப்டர்.

"மன்னிச்சுக்கங்க," என்றார் டாக்டர். பிறகு பையிலிருந்து தீப்பெட்டி போல ஒரு சின்னப் பெட்டியை எடுத்தார். "பேசாம இப்படிச் செய்வோம். வீடியோவுல இருக்கிற ரெண்டு நொடியச் சுத்தம் பண்ணி இதுல ஏத்திடறேன். இதக் கீபோர்டுக்குள்ள ஒளிச்சு வச்சு மூடிடுங்க. முப்பத்தேழ அழுத்தினா இது பாடும். கடவுளுக்கே தெரியாது."

நாகஜோதி எழுந்து நின்றாள். "டாக்டர், அது அவரு தன் வெரலால எழுப்புற சத்தம். ஊரே அதுக்குத்தான் கூடுது. பதிவு பண்ணி வச்சதப் போட்டு அம்புட்டு சனத்தையும் ஏமாத்தச் சொல்றீகளா? கட மூடிட்டுக் கப்பலூருக்கே வேலைக்குப் போறேன். இத மட்டும் செய்யமாட்டேன்."

டாக்டர் முகம் சிவந்தது. ஒயர்களைச் சுருட்டி, பெட்டியையும் எடுத்துக்கொண்டு கடைவாய்ப் பற்களைப் பார்க்கப் போனார்.

சனிக்கிழமை அவள் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உட்கார்ந்தாள். யாரையும் உள்ளே விடவில்லை. வீடியோவையும் பார்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, கீபோர்டின் ஒரு திருகைத் தொட்டால் காது போதும் என்று சொல்லும்வரை திருப்பினாள். மூன்று மணிக்கு ஓர் ஓசை வந்தது. அடியிலிருந்து மெதுவாக எழும்பி, நடுவில் தயங்கி, மேலே போய், விடமாட்டேன் என்பதுபோல் ஒரு நொடி நின்று, பிறகு நடுங்கி அடங்கியது.

அன்னக்கொடி ஷட்டருக்குக் கீழே குனிந்து உள்ளே வந்தாள். கையிலிருந்த மாவு தரையில் சொட்டியது.

"இதான் அதுவா மதினி?"

"அது இல்ல," என்றாள் அன்னக்கொடி. "ஆனா இன்னொரு தடவ போடு."

ஐந்து மணிக்கு மலைச்சாமி வந்தார். வெள்ளை வேட்டி, மை பூசிய முடி, மூன்று மோதிரம். பின்னால் வேன் டிரைவர் காசிமாயன். அவர் உட்காருவதற்கு முன்னால் நாகஜோதி ஒரே மூச்சில் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டாள்.

மலைச்சாமி வாசலைப் பார்த்தார். இட்லிக் கடையைப் பார்த்தார். குரலைத் தாழ்த்தி, "யார் யாருக்குத் தெரியும்?" என்றார்.

"சோழவந்தான் கமிட்டி வரைக்கும் தெரியும்ணே."

அவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். நாகஜோதி முப்பத்தேழை அழுத்திக் கட்டையில் விரலை வைத்தாள். ஓசை எழும்பி நடு வழிக்குக்கூட வரவில்லை.

"இதேதான் தாயி!"

"அண்ணே, முழுசாக் கேளுங்க."

"கேட்டுட்டேன். இம்மி பிசகல."

"கடைசில அந்த நடுக்கம்..."

"அதான் நடுங்குதே!"

வாசலில் நின்ற அன்னக்கொடி வாயைத் திறந்தாள். "இல்லண்ணே, அந்தக் குயிலு..."

"இட்லி சூடா இருக்காம்மா?" என்று மலைச்சாமி எழுந்து, அவளையும் கூட்டிக்கொண்டு இட்லிக் கடைக்குப் போய்விட்டார்.

நாகஜோதி ஸ்டூலில் உட்கார்ந்தாள். மூன்று நாள் பயம் கண் வழியாகக் கொஞ்சம் இறங்கியது. இருபத்திரண்டு வருஷம் வாசித்த மனுஷனே சொல்லிவிட்டார், இனி யார் என்ன சொன்னால் என்ன? முகத்தைத் துடைத்துக்கொண்டாள். செய்த பாவத்துக்கு ஒரு பரிகாரமாக இருக்கட்டும் என்று, கடையிலேயே ஒசத்தியான கேபிள் ஒன்றை எடுத்துச் சுருட்டி, கீபோர்டை உறையில் போட்டுக்கொண்டிருந்த காசிமாயனிடம் கொடுத்தாள்.

"அண்ணே, பழைய ஒயர்ல இரைச்சல் வரும். நாளைக்குக் கீபோர்டுல இருந்து ஸ்பீக்கருக்கு இதச் சொருகுங்க. குயிலு சுத்தமாக் கேக்கும்."

காசிமாயன் கேபிளின் இரண்டு முனைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு அதை அவள் கையிலேயே திரும்ப வைத்தார்.

"இதுல இருந்து ஸ்பீக்கருக்கு எதுக்குத் தங்கச்சி ஒயரு? எட்டு வருசமாக் குயிலு மொதக்கொண்டு அம்புட்டையும் மேடைக்குப் பின்னால நான்தான் பென்டிரைவுல போடுறேன், அண்ணன் சும்மா வெரல ஆட்டுவாரு."