கரி அறை வாசலில் மெழுகுவத்தி

ஸாக்ரெப், மேல் ஊர்
ஆகஸ்ட் 6

'மேல் ஊர் மடல்' வார இதழின் ஆசிரியர் திரு. ஸ்லாவ்கோ அவர்களுக்கு, ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியன் யுராய் கொலாரெக் தலை குனிந்து எழுதிக்கொள்வது. தாங்களும் தங்கள் வீட்டாரும் சுகமாயிருக்க வேண்டுகிறேன். தங்கள் மூட்டுவலி இந்தக் கோடையிலாவது குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். நான் உடம்பளவில் சுகம். மற்றபடி வீட்டைவிட்டு வெளியே தலைகாட்ட முடியாத நிலையில் இருக்கிறேன்.

சென்ற மாதம் தங்கள் இதழின் மூன்றாம் பக்கத்தில் நான் எழுதிய கடிதம் ஒன்று வெளியானது தங்களுக்கு நினைவிருக்கும். அதை வெட்டாமல் போடச் சொல்லி நான் நான்கு முறை தொலைபேசியில் தொல்லை கொடுத்ததும் நினைவிருக்கும். 'பழைய நகரைக் காலாறக் காண' என்ற என்னுடைய கையேட்டை, வழிகாட்டி துணையில்லாமல் தானே நடந்து ஊர் பார்க்கிறவர்களுக்காக, எங்கள் குடியிருப்போர் சங்கம் ஆறு வருஷமாக இலவசமாகக் கொடுத்துவருகிறது. அது சின்னக் குழந்தைக்கும் புரியும் என்றும், இந்தக் காலத்துப் பயணிகளுக்கு எழுத்துக்கூட்டிப் படிக்கவே தெரியவில்லை என்றும், அவர்கள் கூட்டம் கூட்டமாக ஒரு தனியார் முற்றத்துக்குள் போய் நிற்பதற்குக் காரணம் அங்கே குடியிருக்கும் ஒரு பெண்மணி சுவரில் மஞ்சள் அம்புக்குறி போட்டு ஆள் பிடித்துத் தன் பிளம் ஜாமை விற்பதுதான் என்றும் எழுதியிருந்தேன். நான் பண்பாடு தெரிந்தவன் ஆகையால் அவர் பெயரைக் குறிப்பிடவில்லை. 'தேவாலயப் பாடல்குழுவில் கட்டைக்குரலில் பாடுபவர்' என்று மட்டும் எழுதினேன். மேல் ஊரில் அப்படிக் கட்டைக்குரல் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது என்பது அச்சில் பார்த்த பிறகுதான் எனக்கு உறைத்தது. அப்போதும் நல்லவேளை, ஆள் யாரென்று எல்லோருக்கும் புரிந்திருக்கும் என்று சந்தோஷப்பட்டேன். இதையும் மறைக்க விரும்பவில்லை.

அதன் பிறகு அந்தக் கட்டைக்குரலுக்குச் சொந்தக்காரரான பிசெர்கா அம்மாளின் முற்றத்துக்கு ஓர் ஆய்வாளர் வந்து ஜாம் பாட்டில்களை எண்ணிப் பார்த்துவிட்டுப் போனார். ரொட்டிக் கடையில் "இன்னைக்கு எத்தனை பேரு மாட்டினாங்க?" என்று அவரைக் கேட்டுச் சிரித்தார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, பாடல்குழுத் தலைவர் அவரைக் கூப்பிட்டு, "பேச்சு அடங்கற வரைக்கும் வராம இருங்கம்மா. பதினஞ்சாம் தேதி மாதா பெருவிழாவுக்கு உங்க இடத்துல வேற ஆளைப் பாடவைக்கிறோம்" என்று சொல்லிவிட்டார். இருபத்திரண்டு வருஷமாக அந்தத் தனிப்பாட்டை அவர்தான் பாடிவந்திருக்கிறார். இதைக் கேள்விப்பட்டு வந்த என் மனைவி வெஸ்னா, "உங்க பேனாவுக்கு மூடியே கிடையாதா?" என்று மட்டும் கேட்டாள். நான் உண்மைக்கு மூடி போட முடியாது என்றேன். வாயைத்தான் மூடியிருக்க வேண்டும்.

சென்ற சனிக்கிழமை, அந்த அம்மாளைக் கையும் களவுமாகப் பிடித்துத் தங்களுக்குப் படத்துடன் இரண்டாவது கடிதம் எழுதும் நோக்கத்தோடு, நான் பயணி வேஷம் போட்டுப் புறப்பட்டேன். தொப்பி, கறுப்புக் கண்ணாடி, கழுத்தில் கேமரா, கையில் என் கையேடு. முதல் நிறுத்தமான குதிரைச் சிலையிலிருந்து ஒரு வரி விடாமல் அது சொன்னபடியே நடந்தேன், ஏனென்றால் ஆறு வருஷத்தில் அதை ஒருமுறைகூட நான் அப்படி நடந்து பார்த்ததில்லை, எழுதியவனுக்கு எதற்கு வழி என்ற நினைப்புதான், ஆனால் நடக்க நடக்க எனக்கே அது மிகவும் பிடித்துப்போய்விட்டது, பேராலய கோபுரத்தின் கீழே நின்று நான் எழுதிய வர்ணனையை நானே சத்தமாகப் படித்து ரசித்தேன், சந்தையில் சிவப்புக் குடைகளுக்கு நடுவே தயிர்க்கட்டி விற்கும் என் பழைய மாணவி ஒருத்தி "சார், என்ன சார் இது வேஷம், வீட்ல தெரியுமா?" என்று கேட்டபோதுகூட ஊர் தெரியாதவன்போல உதட்டைப் பிதுக்கிவிட்டு, ஆறாம் நிறுத்தத்தில் கையேடு சொன்னபடி ஒரு மெழுகுவத்தி வாங்கிக்கொண்டு படிக்கட்டு ஏறினேன்.

ஏழாம் நிறுத்தம் கல்வாசல். அதன் வளைவுக்குக் கீழே கம்பிக்கதவுக்குப் பின்னால் மாதா படம் இருப்பதும், மெழுகுவத்திப் புகையில் சுவரே கறுத்திருப்பதும், அந்த வழியாகப் போகிறவர்கள் பேச்சை நிறுத்திக்கொள்வதும் தங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நான் ஞானஸ்நானம் பெற்ற நாளிலிருந்து அங்கே போய்வருகிறேன். படிக்கட்டு ஏறி முடித்தால் அது எந்தப் பக்கம் என்று என் காலுக்கே தெரியும். ஆனால் கையேட்டில் 'வலப்பக்கம் திரும்பவும்' என்று அச்சிட்டிருந்தது. முப்பத்தோரு வருஷம் வகுப்பில் 'கண்ணை நம்பாதே, வரைபடத்தை நம்பு' என்று கத்தியவன் நான். வலப்பக்கம் திரும்பினேன். 'இருபத்தைந்து அடி நடந்தால் ஒரு வளைவு.' இருபத்தைந்து அடியில் வளைவு இருந்தது. 'அதனுள்ளே நூற்றாண்டுகளின் கருமை படிந்த சுவர் உங்களை மௌனத்தில் ஆழ்த்தும்.' உள்ளே கறுத்த சுவர் இருந்தது. அதன் முன் ஆறு பேர் மௌனத்தில் ஆழ்ந்திருந்தார்கள். ஒருவர் கண்ணை மூடியிருந்தார். நானும் தொப்பியைக் கழற்றிச் சிலுவை போட்டுக்கொண்டு மெழுகுவத்தியை ஏற்றி வைத்தேன். அப்போது மேலே ஜன்னலிலிருந்து அந்தக் கட்டைக்குரல் கேட்டது.

"வாத்தியாரே! நீங்களுமா?"

நான் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தேன். ஐயா, நான் கும்பிட்டுக்கொண்டு நின்றது பிசெர்கா அம்மாளின் கரி அறைக் கதவு.

அவர் இறங்கி வந்தார். திட்டவில்லை. திட்டியிருந்தால் பதில் பேசியிருப்பேன். கையைப் பிடிக்காத குறையாக என்னை வளைவின் வாய்க்குக் கூட்டிக்கொண்டு போய் மஞ்சள் அம்புக்குறியைக் காட்டினார். நான் எதிர்ச்சாரியிலிருந்து அதன் வாலை மட்டும்தான் பார்த்திருக்கிறேன். தலை வெளியே தெருவைப் பார்த்து இருந்தது. பக்கத்தில் நான்கு மொழிகளில் 'கல்வாசல் இந்தப் பக்கம், தயவுசெய்து' என்று எழுதியிருந்தது.

"நாலு வருஷத்துக்கு முன்னாடி நானே போட்டேன். சொல்லிச் சொல்லி வாய் வலிச்சுப்போச்சு. ஆனா வர்றவங்க உங்க புஸ்தகத்துலேர்ந்து தலையைத் தூக்கினாத்தானே? அச்சுல இருந்தா அதான் வேதம்."

"ஜாம்...?" என்றேன். அந்த நேரத்திலும் கேட்டேன் பாருங்கள்.

"ஆறவைக்க மேஜை மேல வச்சிருந்தேன். வித்தேன்னு யாரு சொன்னது? பாவம், வழி தப்பி வந்து அசடு வழிய நிக்கறாங்களேன்னு ரொட்டில தடவிக் குடுத்தேன். உங்களுக்கும் வேணுமா?"

வேண்டாம் என்று தலையாட்டினேன்.

வீட்டுக்கு ஓடி என் பழைய குறிப்பேட்டை எடுத்துப் பார்த்தேன். விஷயம் இதுதான். அந்த வருஷம் எனக்கு முழங்கால் சரியில்லை. மேட்டில் ஏற முடியாமல் மேலிருந்து கீழே இறங்கிக்கொண்டே வழியைக் குறித்துவிட்டு, வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்து ஒவ்வொரு திருப்பத்தையும் இடம் வலமாக, வலம் இடமாக மாற்றி எழுதினேன். ஏழாம் நிறுத்தத்துக்கு வரும்போது வெஸ்னா மிளகாய் வதக்கும் சட்டியைப் பிடிக்கச் சொல்லிக் கூப்பிட்டாள். திரும்பி வந்து அடுத்த திருப்பத்திலிருந்து தொடர்ந்துவிட்டேன். இதை நான் அவளிடம் சொன்னபோது, "ஓ, அப்ப என் சட்டியாலதான் ஒரு பொம்பளை மானம் போச்சா? போய் அந்தம்மா கால்ல விழுங்க" என்று ஒரு வால்நட் ரொட்டியைக் கையில் கொடுத்து, திரும்பவும் தெருவில் தள்ளிக் கதவைச் சாத்தினாள்.

பிசெர்கா அம்மாள் ரொட்டியை வாங்கிக்கொண்டார். மன்னிப்பை வாங்கிக்கொள்ளவில்லை. "திட்டறப்போ பேப்பர்ல ஊரறியத் திட்டினீங்க. மன்னிப்பு மட்டும் என் வீட்டு முற்றத்துல ரகசியமாவா? அதெல்லாம் செல்லாது. பேப்பர்லயே கேளுங்க" என்றார். பிறகு ஒரு பழைய கத்தியைக் கொடுத்து, "அதுவரைக்கும் சும்மா நிக்காம இந்த மெழுகைச் சுரண்டுங்க. ஆறு வருஷமா ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை நான் சுரண்டறேன்" என்றார். மேல் ஊர்க் கோபுரத்தில் தினமும் போடும் நடுப்பகல் பீரங்கி வெடித்தபோது ஆரம்பித்தேன். மூன்று மணிவரை சுரண்டினேன். அதற்குள் பத்தொன்பது பேர் வந்தார்கள். ஒவ்வொருவரையும் கல்வாசலுக்குத் திருப்பி அனுப்பினேன். ஒரு டேனிஷ் அம்மாள் என்னைக் கோயில் பணியாள் என்று நினைத்து வணங்கினார். அது போதாதென்று பிசெர்கா அம்மாள் ஜன்னலிலிருந்து, "அவர்தாம்மா இந்தப் புஸ்தகம் எழுதினவரு!" என்று கத்தினார். டேனிஷ் அம்மாள் முகம் மலர்ந்து, கையேட்டின் ஏழாம் நிறுத்தத்துப் பக்கத்தைப் பிரித்து, "இந்தப் பக்கம்தான் எங்களுக்கு ரொம்பப் பிடிச்சுது, இதுலயே கையெழுத்துப் போடுங்க" என்றார். போட்டேன் ஐயா. அந்த 'வலப்பக்கம்' என்ற சொல்லுக்கு நேர் கீழே, மெழுகு ஒட்டிய கையால் என் முழுப் பெயரையும் எழுதினேன். என் ஆயுளில் நான் போட்ட கையெழுத்துகளிலேயே அதுதான் மிகவும் கோணலானது.

ஆகவே, ஊரறியச் சொல்கிறேன். பிசெர்கா அம்மாள் யாரையும் பிடிக்கவில்லை. எதையும் விற்கவில்லை. நான் தொலைத்தவர்களுக்கு ஆறு வருஷமாக வழிகாட்டியவர் அவர். நான் அவர்மேல் எழுதியது முழுக்கப் பொய். அது பொய் என்று தெரியாமல் எழுதினேன் என்பது சமாதானம் ஆகாது, இருபத்தைந்து அடி நடந்துபோய்ப் பார்த்திருக்கலாம். பாடல்குழுத் தலைவர் இதைப் படித்துவிட்டுப் பெருவிழாவுக்கு முன் ஆவன செய்ய வேண்டும் என்று கைகூப்பிக் கேட்கிறேன். கையேட்டை வைத்திருப்பவர்கள் ஏழாம் நிறுத்தத்தில் 'வலப்பக்கம் திரும்பவும்' என்பதை 'இடப்பக்கம் திரும்பவும்' என்று திருத்தி வாசிக்கவும். இக்கடிதத்தை ஒரு வரிகூட வெட்டாமல், அதே மூன்றாம் பக்கத்தில், அதே அளவில் வெளியிடுமாறு வேண்டுகிறேன்.

தங்கள் துணைவியாருக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு ஆசி கூறும் தகுதி இப்போது எனக்கு இல்லாததால் வெஸ்னாவின் ஆசிகளை அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
வெட்கத்துடன்,
யுராய் கொலாரெக்

பி.கு.: உறையை ஒட்டுமுன் இதைப் பிசெர்கா அம்மாளிடம் படிக்கக் கொடுத்தேன். பாடல்குழுவிலிருந்து நேற்றே ஆள் வந்து அவரைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்களாம், அவருக்குப் பதில் பாடிய பெண் ஒத்திகையில் மூன்றாவது வரியிலேயே அழுதுவிட்டாளாம். அது நிற்க. படித்து முடித்தவர், "வாத்தியாரே, ஏழாம் நிறுத்தத்துல ரெண்டு 'வலப்பக்கம்' இருக்கே, எதைத் திருத்தணும்?" என்று கேட்டார். இருக்கிறது. படிக்கட்டின் உச்சியில் ஒன்று, கல்வாசலைத் தாண்டி மருந்துக்கடை முனையில் இன்னொன்று. இரண்டாவது சரியானது. சோதனைக்காக என் கடிதத்தையும் கையேட்டையும் வெஸ்னாவிடம் கொடுத்து நடக்கச் சொன்னோம். அவள் இரண்டையும் திருத்திக்கொண்டு நடந்து ஒரு பல்வைத்தியர் வீட்டுக் கூடத்தில் போய் உட்கார்ந்துவிட்டாள். முறை வந்ததும் கூப்பிட்டுப் பார்த்ததில் ஒரு கடைவாய்ப்பல் சொத்தை என்று தெரிந்து, இப்போது கன்னத்தைப் பிடித்துக்கொண்டு என்னோடு பேசாமல் இருக்கிறாள். ஆகவே மேற்கண்ட கடிதத்தைத் தயவுசெய்து வெளியிட வேண்டாம். அதற்குப் பதிலாக, மன்னிப்புக்கு இதுவே போதும் என்று பிசெர்கா அம்மாள் சொல்லச் சொல்ல நான் எழுதிய இந்த வரிகளை மட்டும் போடவும்: 'கொலாரெக்கின் கையேட்டை வைத்திருப்பவர்கள் அதை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டு, எதிரே வருகிறவரிடம் வழி கேட்கவும். எதிரே வருகிறவர் கொலாரெக்காக இருந்தால் அடுத்து வருகிறவரிடம் கேட்கவும்.'