மேடுபள்ளத்தாரும் என் வீட்டு ஐந்து படிகளும்

காரைக்காலில் ஒருநாள்கூட மலையேற்றத்தைத் தவறவிடாத மனிதர் ஒருவர்தான் இருந்தார். அவர் எங்கள் தெருவில் இருந்தார். ஏறுவதற்கு ஊரில் மலை கிடையாது என்பதை அவர் ஒரு சின்ன அசௌகரியமாக மட்டுமே எடுத்துக்கொண்டார். விடிந்ததும் கம்பளித் தொப்பி, ஊன்றுகோல், தண்ணீர் பாட்டில் சகிதம் அரசலாற்றுப் பாலத்துக்குப் போவார். ஏற்றத்தின் பாதியில் நின்று மூச்சைப் பழக்கிக்கொள்வார். உச்சியை அடைந்ததும், சித்திரை மாத வெயிலிலும், தொப்பியைக் காது வரை இழுத்து விட்டுக்கொள்வார். ஒருநாள் அவரோடு போய் எண்ணினேன். கீழிருந்து உச்சிக்கு நூற்று எழுபத்திரண்டு காலடி. அதற்குள் இரண்டு முறை இளைப்பாறினார். எதற்கு என்று கேட்டேன். "அவசரமா ஏறுனா மலைக்கு மரியாதக் குறைச்சல் சார்" என்றார்.

தெருவில் அவருக்கு மேடுபள்ளத்தார் என்று பெயர். சொந்தப் பெயர் ரேஷன் அட்டையில் இருந்தது, அதோடு சரி. நாட்டின் வடகிழக்கு மூலையில் ஒரு மலை மாவட்டத்தில், சாலைக்கு அளவெடுப்பவர்களுக்கு உதவியாளாக முப்பத்தோரு வருடம் அளவுகோல் பிடித்தவர். அந்த மாவட்டத்தின் பெயரை அவர் சொல்லும் விதத்தில் நான் எழுதினால், பத்திரிகையில் டைப் செய்பவர் வேலையை விட்டுப் போய்விடுவார். அவரே பெயரைச் சொல்வது அபூர்வம். "நம்ம மாவட்டம்" என்பார். அவர் சொல்வது காரைக்காலையா அந்த மலையையா என்று தெரியாமல் தெருவே விழிக்கும். "நம்ம மாவட்டத்துல இப்ப பனி கொட்டும்" என்று அவர் சொன்னால் மலை என்று புரிந்துகொள்ளலாம். "நம்ம மாவட்டத்துல பஸ் சரியில்ல" என்றால் என்ன செய்வது?

அங்கே ஒன்பது விதமான மக்கள், ஒன்பது பாஷை. உச்சிக் கணவாயில் சடை எருமை மேய்த்து, தேநீரில் உப்பும் வெண்ணெயும் போட்டுக் குடிப்பவர்கள். நடுச்சரிவில் மக்காச்சோளம் விதைப்பவர்கள். அடிப் பள்ளத்தாக்கில் நெல் வயலுக்குள்ளேயே மீன் வளர்ப்பவர்கள். இப்படி ஒன்பதையும் விரல் விட்டுச் சொல்வார். நானும் கூடவே எண்ணுவேன். எட்டாவதை அவர் விழுங்கிய நாட்களில் திருத்தியிருக்கிறேன். "நம்ம மாவட்டத்துல அடுத்த ஊரு கண்ணுக்குத் தெரியும். கூப்பிட்டா காதுல விழும். போயிச் சேர ரெண்டு நாளாவும்" என்பார்.

காரைக்காலுக்கும் அந்த மாவட்டத்துக்கும் மலை ஒன்றைத் தவிர வித்தியாசமே இல்லை என்பது அவர் கட்சி. குரும்பகரத்து நெல்லுக்காரர்கள் அடிப் பள்ளத்தாக்கு மக்கள். பட்டினச்சேரிக்காரர்கள் வலையும் படகுமாகத் தனி நாடு. பிரெஞ்சுப் பென்ஷன் வாங்குகிற குடும்பங்கள் கணவாய்க்காரர்கள். ஒரு கால் இங்கே, ஒரு கால் அந்தப் பக்கம். வழியும் அப்படித்தான் சொல்வார். தெருவின் கிழக்குக் கோடியில் இருக்கும் ஹாஜியார் வீட்டைத் தேடி வந்த கூரியர்காரரிடம், "நேரா மேல ஏறுங்க. சரிவு முடியிற எடத்துல மஞ்ச வீடு" என்றார். கூரியர்காரர் வானத்தை ஒருமுறை பார்த்துவிட்டு என்னிடம் வந்து கேட்டார்.

இதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாதது அவர் வீட்டுக்கு வரும் முறை. அவருடைய மாவட்டத்தில் அழைக்காமல் யார் வீட்டுக்குள்ளும் நுழையக் கூடாதாம். வாசலுக்கு வெளியே நின்று மூன்று முறை குரல் கொடுக்க வேண்டும். உள்ளே இருப்பவர் தன் வாயால் "வாங்க" என்று சொல்ல வேண்டும். மூன்று முறைக்கும் பதில் வராவிட்டால் திரும்பிப் போய்விட வேண்டும். நான்காவது முறை கூப்பிடுகிறவன் மானங்கெட்டவன். ஆகவே என் வீட்டில் அழைப்பு மணி இருக்க, மேடுபள்ளத்தார் வாசலில் நின்று, எதிர்மலைக்குக் கேட்கிற குரலில் "ஹோ" என்பார். எதிர்மலை இல்லாததால் அது முழுக்க என் காதுக்கே வரும். தெரு நாய்கள் ஏழும் பதில் சொல்லும். நான் "வாங்க" என்று சொன்ன பிறகுதான் செருப்பைக் கழற்றுவார்.

எங்களுக்குள் சண்டை வந்தது ஒரு குழாயால். கொத்தனார்கள் மட்டம் பார்க்க வைத்திருப்பார்களே, தண்ணீர் நிரப்பிய பிளாஸ்டிக் குழாய், அதை எங்கோ வாங்கி வந்து தெருவின் மேடுபள்ளத்தை அளக்கப் போவதாகச் சொன்னார். குழாய்க்கு மறுமுனை பிடிக்க ஆள் வேண்டும். மின்துறையில் மீட்டர் கணக்கெடுத்தே ஓய்வு பெற்றவன் நான். அளவு என்று யாராவது சொன்னால் என் கால் நிற்காது. இரண்டு நாள், இருபத்து மூன்று வீடு. ஹாஜியார் வீட்டு முதல் படியின் அடியிலிருந்து மட்டம் எடுத்து, எல்லா வீட்டுச் சுவரிலும் அதே மட்டத்தில் சிவப்புப் பெயிண்டால் ஒரு கோடு போட்டோம். என் வீட்டில் அந்தக் கோடு, உள்தரைக்கு ஒரு சாண் மேலே விழுந்தது.

"உங்க வீடுதான் சார் இந்தத் தெருவுலயே பள்ளம்" என்றார், பாராட்டுகிற மாதிரி.

நான் சிரித்தேன். ஹாஜியார் வீட்டுக்கு இரண்டு படி. என் வீட்டுக்கு ஐந்து. ஐந்து பெரிதா இரண்டு பெரிதா என்று கேட்டேன்.

"அஞ்சு படி ஏன் வச்சாரு ஒங்கப்பா? பள்ளத்துல கட்டுனதாலதான வச்சாரு?"

என் அப்பா நல்ல மேட்டு மனை என்று சொல்லி வாங்கிய இடம் அது. அறுபது வருடமாக அந்த ஐந்து படியை நாங்கள் குடும்பப் பெருமையாக ஏறி இறங்கி வருகிறோம். எனக்குக் கோபம் வந்துவிட்டது. இனிமேல் என் வாசலில் வந்து கத்த வேண்டாம், நான் "வாங்க" என்று சொல்லப் போவதில்லை என்றேன். அவர் குழாயிலிருந்த தண்ணீரை என் செம்பருத்திக்கு ஊற்றிவிட்டு, அதைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு போனார். நாற்பத்தோரு நாள் நாங்கள் பேசவில்லை.

அந்த நாற்பத்தோரு நாளில் என் மனைவி குளியலறையில் வழுக்கி விழுந்தாள். இடுப்பில் ஆபரேஷன். வீட்டுக்கு வந்து பதினாறாவது நாள், கட்டிலை விட்டு இறங்கக் கூடாது என்ற நிலையில், கார்த்திகை மழை பிடித்துக்கொண்டது. மூன்று நாள் விடவில்லை. கடல் ஆற்றுத் தண்ணீரை வாங்கவில்லை. ஆறு ஊருக்குள் திரும்பியது. மூன்றாம் நாள் காலை எட்டு மணிக்கு முதல் படி முழுகியது. பத்துக்கு இரண்டாவது. பன்னிரண்டுக்குள் நான்கு. ஒவ்வொரு படியையும் நான் கட்டிலருகே வந்து மனைவிக்கு அறிவித்தேன்.

"எண்ணுனது போதுங்க. யாரயாவது கூப்புடுங்க" என்றாள்.

இன்னும் ஒரு படி இருக்கிறது என்றேன். ஹாஜியார் வீட்டில் இரண்டே படிதானே, அவர்கள் எப்போதோ முழுகியிருப்பார்கள், நம் வீட்டுக்குத்தான் எல்லாரும் வரப்போகிறார்கள் என்று சமாதானமும் சொன்னேன். அந்த ஒரு படியும் போனது. ஒரு மணிக்குத் தண்ணீர் வாசல் நிலைப்படியைத் தாண்டிக் கூடத்துக்குள் வந்து, கட்டில் கால்களைச் சுற்றிப் படர்ந்தது. போனில் சிக்னல் இல்லை.

அப்போது வெளியே "ஹோ" என்று கேட்டது.

ஜன்னல் வழியாகப் பார்த்தேன். மேடுபள்ளத்தார் தொடை ஆழத் தண்ணீரில், கம்பளித் தொப்பியோடு நின்றுகொண்டிருந்தார். பின்னால் ஹாஜியாரும் அவர் மருமகனும். ஒரு பிளாஸ்டிக் நாற்காலியின் இரு பக்கமும் மூங்கில் கட்டியிருந்தார்கள். மலையில் நோயாளியைத் தூக்கும் விதம் அது. எனக்கு நூறு தடவையாவது சொல்லியிருக்கிறார். வாசல் கதவு திறந்தே கிடந்தது. அவர் உள்ளே வரவில்லை. ஹாஜியார் ஒரு எட்டு முன்னால் வைத்தார். இவர் கையை நீட்டி மறித்தார்.

இரண்டாவது "ஹோ".

நாற்பத்தோரு நாள் சும்மா இல்லை. வாங்க என்று சொன்னால் ஐந்து படியும் பொய், அப்பா வாங்கிய மேட்டு மனையும் பொய்.

மூன்றாவது "ஹோ". குரல் கொஞ்சம் உடைந்திருந்தது. எழுபத்து நான்கு வயது, மழை. அதன் பிறகு தண்ணீர்ச் சத்தம் மட்டும் கேட்டது. அவர் வழக்கம் எனக்குத் தெரியும். மூன்று முடிந்தது, திரும்பிப் போய்விடுவார். என் மனைவி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான்காவது முறையும் அவர் கூப்பிட்டார்.

"வாங்க" என்றேன். என்ன சத்தத்தில் சொன்னேனோ, தெரு நாய்கள் எங்கிருந்தோ பதில் கொடுத்தன.

மூன்று பேரும் உள்ளே வந்தார்கள். மேடுபள்ளத்தார் என் பக்கம் திரும்பாமல் நேரே கட்டிலுக்குப் போனார். "தங்கச்சி, பயப்படாத. ஒன்ன மல மேல கொண்டு போறோம்" என்றார். மனைவியை நாற்காலியில் உட்கார வைத்துத் தூக்கிக்கொண்டு, மலையின் பிரம்புப் பாலத்தில் நடப்பதுபோல ஒருவர் காலடியில் அடுத்தவர் கால் வைத்து, அவர் முன்னால் கோலை ஊன்றி ஆழம் சொல்லிக்கொண்டு போக, கிழக்கே நடந்தோம். தொடை ஆழம் முழங்கால் ஆயிற்று. முழங்கால் கணுக்கால் ஆயிற்று. ஹாஜியார் வீட்டு வாசலுக்குப் போனபோது இரண்டு படியும் முழுகாமல் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தன. அங்கே ஏற்கெனவே பதினெட்டுப் பேர் இருந்தார்கள். ஹாஜியார் வீட்டம்மா என் கையிலும் மேடுபள்ளத்தார் கையிலும் கஞ்சிக் கிண்ணத்தைக் கொடுத்தார்.

"மேட்டுல இருக்கவங்க கதவ சாத்தக் கூடாது, பள்ளத்துல இருக்கவங்க வெக்கப்படக் கூடாது. நம்ம மாவட்டத்துல அப்படித்தான் சார்" என்றார் மேடுபள்ளத்தார். எந்த மாவட்டம் என்று நான் கேட்கவில்லை. நாலாவது தடவை ஏன் கூப்பிட்டீர்கள் என்று மட்டும் கேட்டேன். கஞ்சியை ஊதிக்கொண்டே, "நான் எண்ணல சார். எண்ணுறது ஒங்க வேல" என்றார்.

தண்ணீர் வடிந்த பிறகு பார்த்தேன். என் வீட்டில் அது சிவப்புக் கோட்டுக்கு நான்கு விரல் கீழே நின்றிருந்தது. பொங்கலுக்கு வெள்ளையடித்தபோது அந்தக் கோட்டை மட்டும் விடச் சொன்னேன்.

இப்போது அவர் இங்கில்லை. அவருடைய மகள் வீட்டுக்காரர் பிரெஞ்சுக் குடியுரிமைக்காரர். போன வருடம் மேடுபள்ளத்தாரையும் பிரெஞ்சு நாட்டுக்கே அழைத்துக்கொண்டார்கள். ஏழாவது மாடி. லிஃப்ட் இருக்கிறதாம், இவர் ஏறுவதில்லை. எனக்காக எண்ணிச் சொன்னார், நூற்று இருபத்தாறு படி. சாயங்காலம் நான் அவரைப் போனில் கூப்பிடுகிறேன். சில நாள் எடுக்க மாட்டார். படியில் எங்காவது இளைப்பாறிக்கொண்டிருப்பார். மூன்று முறைக்கு மேல் கூப்பிடக் கூடாது என்று எனக்குத் தெரியும். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் எனக்கு எண்ணிக்கை தவறிவிடுகிறது.