கிணற்றை மூட வந்த தேங்காய்

ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியின் இரும்பு பாறையைக் குத்தும் சத்தம் கண்ணுசாமியின் காதில் இன்னும் இருந்தது. வாலிப வயதில், வடக்கே ஏதோ ஒரு பொட்டல் காட்டில் கேட்டது. டண் டண் என்று வறண்டு கத்திய இரும்பு, தொண்டை நனைந்தது போலத் திடீரென்று குரல் மாறியது. அடுத்த மூச்சில் தண்ணீர் பனை உயரத்துக்குப் பீறிட்டது. அந்த ஊர்ப் பெண்கள் சேலையோடு நனைந்து சிரித்தார்கள். தண்ணீரைத் தானே பெற்றெடுத்ததாக அன்று நினைத்தவர், அந்த நினைப்பைப் பிறகு மாற்றிக்கொள்ளவே இல்லை.

ஊர் ஊராக ஓட்டை போட்டவர் வீட்டில் ஒரு ஓட்டை இல்லை. எருமப்பட்டிக்கு வடக்கே கொல்லிமலை, மேற்கே காவிரி. பேருக்கு இரண்டும் உண்டு, குடத்துக்கு இல்லை. காலுக்கடியில் பாறை. வீட்டுக்குப் பின்னால் இருக்கும் கிணற்றில் சித்திரை மாதம் ஒரு தவளை குளிக்கலாம். இரண்டாவது தவளை காத்திருக்க வேண்டும்.

வேலையை விட்டு ஊர் திரும்பிய மறுநாளே கண்ணுசாமி அறிவித்தார்.

"கெணத்த மூடறோம். ஆயிரத்து எரநூறு அடிக்கு போர் போடறோம்."

மனைவி சின்னாயி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "அதுக்குப் பதுலா மொட்டமாடித் தண்ணியக் கெணத்துக்குத் திருப்பி உடுங்க. ஒரு கொழாய், ஒரு குழி, கொஞ்சம் ஜல்லி. அவ்வளவுதான்."

"மழையே பெய்யாத ஊர்ல மழைத்தண்ணியா?"

"பெய்யறப்ப ரோட்டுல ஓடுதே, அது என்ற கண்ணீருங்களா?"

"பக்கத்து ஊட்டு வேலுசாமி ஆயிரம் அடி போட்டுட்டான், புள்ள!"

"நீங்க ஆயிரத்து எரநூறு போடுவீங்க. அவரு ஆயிரத்து நானூறு போடுவாரு. அப்பறம் ரெண்டு பேரும் பாதாளத்துல போய் வரப்புச் சண்டை போடுங்க."

அந்த வீட்டில் போர் நடக்காத நாள் இல்லை. ரிக் வண்டிதான் வரவில்லை.

அந்தக் கிணறு சின்னாயி மண் சுமந்து வெட்டியது. அவர் வடக்கே யார் யார் நிலத்தையோ துளைத்துக்கொண்டிருந்த வருஷங்களில், கைப்பிள்ளையைத் தூளியில் போட்டுவிட்டு ஆட்களோடு ஆளாகக் கூடை தூக்கினாள். அதைப் பற்றி அவள் பேசியதில்லை. 'மூடறோம்' என்ற சொல் காதில் விழுந்த அன்று குழம்பில் உப்பு இருக்காது. அவ்வளவுதான்.

உப்பில்லாமல் இளைத்த கண்ணுசாமி தந்திரத்தில் இறங்கினார். பக்கத்து ஊர் சின்னுசாமி நீரோட்டம் பார்ப்பவர். உள்ளங்கையில் தேங்காயைப் படுக்க வைத்துக்கொண்டு நடப்பார். தண்ணீர் இருக்கும் இடத்தில் தேங்காய் எழுந்து நிற்கும். சின்னாயிக்கு அவர் மேல் நம்பிக்கை.

"தேங்கா சொல்றதுதான் தீர்ப்பு. அதுக்கு மேல கோர்ட்டு கெடையாது," என்று தெரு கேட்கச் சொன்னார் கண்ணுசாமி. சின்னாயி உடனே சம்மதித்தாள். அந்த வேகத்தில் அவருக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்; வரவில்லை.

மத்தியானமே கண்ணுசாமி, சின்னுசாமியின் வீட்டுக்குப் போனார். "கெணத்துக்கு அக்கட்டால வேப்பமரம் இருக்குது. அங்க தேங்கா நிக்கோணும்." கிணற்றை மூடினால்தான் வேப்பமரத்துக்கு வண்டி போகும். சொல்லிவிட்டு, பைக்குள்ளிருந்து ஒரு கோழியை எடுத்து நீட்டினார். கோழிப் பண்ணைக்குப் பேர் போன சீமையில் பிறந்தவர், ஒரு கோழி விலைக்கு வாங்கச் சோம்பி, சின்னாயி வளர்த்ததையே பிடித்துக்கொண்டு போயிருந்தார்.

மறுநாள் காலை தெருவே கூடிவிட்டது. வேலுசாமி மதில் மேல் ஏறி உட்கார்ந்தார். சின்னுசாமி தேங்காயோடு நடந்தார். வேப்பமரத்தடியில் தேங்காய் அசையவில்லை.

கண்ணுசாமி இருமினார். "அங்கயே செத்த நில்லு, சின்னுசாமி."

"தேங்கா தூங்குதுங்கண்ணா."

கிணற்று மேட்டில் கால் வைத்ததும் தேங்காய் போலீஸ்காரன் போல விறைத்து நின்றது.

"ஊத்துக்கண்ணு கெணத்துக்குள்ளாறதானுங்க இருக்குது. மூடுனா குருடாயிரும். பக்கத்துல போர் போட்டா ஓடிப்போயிரும்."

"அப்ப என்னதான் பண்றது?"

"மொட்டமாடித் தண்ணி உள்ள வரோணும்னு கேக்குதுங்க."

"தேங்காயா கேக்குது?"

"ஆமாங்கண்ணா. முக்கா இஞ்சு ஜல்லின்னு அளவும் சொல்லுது."

தெரு கை தட்டியது. கண்ணுசாமி வாயைத் திறந்தார். கோழி ஞாபகம் வந்தது. மூடிக்கொண்டார்.

கூட்டம் கலைந்ததும் சின்னாயி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். "நேத்து அந்தில என்ற கோழியத் தேடிட்டுப் போனனுங்க. எறக்கைல நீல மை வெச்சது. சின்னுசாமி ஊட்டு வாசல்ல கட்டிக் கெடந்துச்சு."

அவர் மெல்லக் கேட்டார். "புடிச்சுட்டு வந்துட்டயா?"

"இல்லீங்க. ஒத்தையில ஏங்கிப்போயிருமேன்னு சேவலையும் உட்டுட்டு வந்தேன்."

அந்த வாரமே கண்ணுசாமி குழி வெட்டினார். ஐப்பசியில் மழை வந்தது. ஒரு இரவு முழுக்க மொட்டைமாடியிலிருந்து கிணற்றுக்குள் தண்ணீர் இறங்கியது. மறு சித்திரையில் வேலுசாமியின் ஆயிரம் அடி வெறும் காற்றைக் கக்கியபோது, அவர் குடத்தோடு இந்தக் கிணற்றடியில் வந்து நின்றார். சின்னாயி இறைத்து ஊற்றினாள்.

கண்ணுசாமி இப்போது ஊருக்குள் வீடு வீடாக மழைநீர்க் குழி வெட்டுகிறார். மேஸ்திரி, சின்னாயி.