மூன்றாவது பாட்டில்

மரக்காணத்துச் சேறு மட்டும் மலை போட்டிருந்தது.

மற்ற ஊர்களின் சாக்கடைச் சேறெல்லாம் சென்னைப் பரிசோதனைக் கூடத்துக் கருவியில் ஏறியபோது, அதன் முள் தாளில் சின்னச் சின்ன மேடுகளைத்தான் வரைந்தது. மரக்காணம் மாதா கோயில் ஹாஸ்டலின் கழிவுத் தொட்டிச் சேற்றுக்கோ பெரிய மலை. மலை என்றால் டி.டி.டி.; மண்ணில் சேர்ந்தால் வருஷக்கணக்கில் மக்காமல் கிடக்கும் பூச்சிமருந்து.

"தொட்டியை மூடச் சொல்லி எழுதிடட்டுமா, சவரி?" என்றார் அதிகாரி நடராசன்.

ஊர் ஊராகப் போய்ப் பாட்டிலில் சேறு எடுத்துவரும் சவரிநாதனுக்கு, மரக்காணத்தில் பார்த்த அஞ்சம்மாளின் முகம் கண்முன் வந்தது. உப்பளத்தை ஒட்டிப் புல்கூட முளைக்காத நிலம் அவளுடையது. அந்தத் தொட்டிச் சேற்றைக் காயவைத்துக் கூடை கூடையாகத் தலையில் சுமந்து கொட்டித்தான் அதில் கத்திரி போட்டிருந்தாள். அந்தக் கத்திரியை நம்பித்தான் அவள் வீட்டு அடுப்பு எரிந்தது.

"சார், நான் பாட்டிலைச் சரியாக் கழுவாம விட்டிருப்பேன். இன்னொரு தடவை எடுத்துட்டு வந்துடறேனே."

அது பொய். பாட்டில்களைப் பூசைக் கிண்ணம்போலக் கழுவித் துடைத்து வைக்கிறவர் அவர்.

"உன் பேர்ல மெமோ வரும்யா."

"வரட்டும் சார்."

சொல்லாமல் கொள்ளாமல் ஓரிடத்தில் போய் நிற்பது சவரிநாதனுக்குப் பிடிக்காது. முதல் தடவை போலவே ஹாஸ்டல் வாட்ச்மேன் கன்னியப்பனுக்கு ஒரு கார்டு போட்டுவிட்டு பஸ் ஏறினார்.

அவர் போனபோது தொட்டி மூடி திறந்திருந்தது. பக்கத்தில் ஒரு முக்காலி. அதன்மேல் சீவிய இளநீர்.

"எல்லாம் ரெடி சார்," என்றார் கன்னியப்பன். "ஆனா ஒண்ணு கேக்கறேன், கோச்சுக்காதீங்க. இதைப் போய் இங்கேருந்து மெட்ராஸுக்குத் தூக்கிட்டுப் போறீங்களே, அங்க இல்லாத சாக்கடையா?"

"சும்மா... சத்து எவ்ளோ இருக்குதுன்னு பாக்கத்தான்."

கூடையோடு வந்த அஞ்சம்மாளின் காதில் இது விழுந்தது.

"சத்தா? ஹாஸ்டல்ல போடற சோத்துக்கு இதுல என்னாய்யா சத்து இருக்கப் போவுது!"

கன்னியப்பன் விழுந்து விழுந்து சிரித்தார். சவரிநாதனும் சிரித்து வைத்தார். விஷம் என்ற சொல்லை அந்தப் பெண்ணின் காதில் போட அவருக்கு மனம் வரவில்லை. அதை இரக்கம் என்றே அன்று நம்பினார். புறப்படும்போது அவள் அவருடைய பையில் கத்திரிக்காயைத் திணித்தாள். வேண்டாம் என்றால் வருத்தப்படுவாள் என்று வாங்கிக்கொண்டார்.

இரண்டாவது பாட்டில் முன்னதைவிடப் பெரிய மலை போட்டது.

"ஏன்யா, கழுவின பாட்டில்ல கூடிப்போச்சே?" என்றார் நடராசன்.

"மேலாக்க எடுத்துட்டேன் சார். அடியிலேருந்து எடுத்தாத்தான் சரியா வரும்."

"இதான் கடைசி. இதுலயும் அப்படியே வந்தா நானே நெனச்சாலும் நிறுத்த முடியாது. மேல போயிடும்."

சவரிநாதன் இம்முறை கார்டில் கூடுதலாக இரண்டு வரி எழுதினார். 'இது மிகவும் முக்கியம். அஞ்சம்மாளின் தோட்டமே இதில்தான் இருக்கிறது. சாயங்காலம் வரை தொட்டியருகில் இருப்பேன்.'

அன்று முழுவதும் இருக்கவும் செய்தார். நீளக் கழியில் டப்பாவைக் கட்டி, அடியாழத்திலிருந்து சேற்றை அள்ளினார். முழங்கை வரை கறுப்பாகிவிட்டது. கன்னியப்பன் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்ற, அவர் கை கழுவினார்.

"இந்தத் தடவை நல்லபடியா வரும் சார். என்னால ஆனதெல்லாம் செஞ்சிருக்கேன்," என்றார் கன்னியப்பன்.

தனக்காக இந்த மனிதர் எவ்வளவு பாடுபடுகிறார் என்று சவரிநாதனுக்கு நெஞ்சு நெகிழ்ந்தது. போகும் வழியில் கோயிலில் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றி, 'மாதாவே, சேறு சுத்தமாக இருக்கட்டும்' என்று வேண்டிக்கொண்டார். இப்படியொரு வேண்டுதல் அந்தப் பீடத்துக்கு முன்பு வந்திருக்காது.

மூன்றாவது பாட்டிலுக்கு முள் தாளின் விளிம்பில் போய் முட்டிக்கொண்டு கிறீச்சென்று நின்றது. மலையின் உச்சிக்குத் தாளில் இடமில்லை. நடராசன் அவர் தோளில் கைவைத்தார்.

தொட்டியை மண்ணடித்து மூடவும், தோட்டத்தை அழிக்கவும் உத்தரவு போனது. காரணம் என்று அதில் 'சுகாதாரக் கேடு' என்பதற்குமேல் ஒரு சொல்லும் இல்லை.

அஞ்சம்மாளை நேரில் பார்த்து இரண்டு வார்த்தை சொல்லாவிட்டால் தனக்குத் தூக்கம் வராது என்று சவரிநாதன் புறப்பட்டார். எந்த முகத்தோடு கார்டு எழுதுவது? எழுதவில்லை.

அவர் போய்ச் சேர்ந்தபோது லாரி கடைசி நடை மண்ணைக் கொட்டிக்கொண்டிருந்தது. பிடுங்கிய கத்திரிச் செடிகள் பூவும் பிஞ்சுமாக வரப்பில் குவிந்து வாடிக் கிடந்தன. மேல்மண்ணை வாரி எடுத்த இடத்தில் பழைய உப்பு வெளுப்பாகத் தெரிந்தது.

"அம்மா, என்னை மன்னிச்சுடுங்க. எவ்வளவோ பாத்தேன்..."

"நீங்க என்னா பண்ணுவீங்கய்யா. எங்களுக்காவத்தானே மூணு வாட்டி அலைஞ்சீங்க. நான் உப்பு வாரப் போவேன், கையா இல்ல?" என்றாள் அஞ்சம்மாள். சொல்லிவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

அந்த நேரம் பார்த்து ஈக்கள் மூக்கிலும் உதட்டிலும் கண்ணோரத்திலுமாக அவரை மொய்க்கத் தொடங்கின. விரட்டவும் தோன்றாமல் நின்றார்.

கன்னியப்பன் தோள் துண்டை உருவி வீசியபடி பதறிக்கொண்டு ஓடிவந்தார்.

"ஐயையோ, இப்பிடிச் சொல்லாம வந்துட்டீங்களே சார், உங்கள ஈ மொய்க்கக் கூடாதுன்னுதானே நீங்க வர்றப்பல்லாம் விடியறதுக்குள்ள, மலேரியாக்காரங்க விட்டுட்டுப் போன டி.டி.டி. பவுடரை அள்ளித் தொட்டியில கொட்டி, அடிவரைக்கும் கலக்கி வெச்சேன்!"