மற்றப் பொட்டலம்

அயல் வீட்டுக்காரன் மேல் வரும் பொறாமையை ஒரு மதில் கட்டி மறைத்துவிடலாம். சகலன் மேல் வரும் பொறாமைக்கு அந்த வசதி கிடையாது. அவருடைய செய்தி எல்லாம் எங்கள் வீட்டுக் குசினி அடுப்படியில் இருந்துதான் வெளியே வரும். காலையில் அக்காவும் தங்கையும் தொலைபேசியில் கதைத்து முடித்தால், நான் பாணுக்குப் பட்டர் பூசி முடிப்பதற்குள் அந்த மனிதர் எங்கே போனார், எதை வாங்கினார் என்பது முழுவதும் எனக்குத் தெரிந்துவிடும்.

ஆகவே நேராகவே ஒப்புக்கொள்கிறேன். குகன் அண்ணை மேல் எனக்குப் பொறாமை. என் மனைவி வதனியின் அக்காவைக் கட்டியவர் அவர். எனக்குக் கலியாணம் நடந்த நாளிலிருந்து அந்தப் பொறாமை இருக்கிறது. (இருபத்தேழு வருசம். வேறு எதையும் நான் இவ்வளவு ஒழுங்காகச் செய்ததில்லை.) மாமியார் வீட்டில் மூத்த மருமகன் என்று மீன் தலை அவருக்குப் போகும், வால் எனக்கு வரும். கைபிடி வைத்த கதிரை அவருக்கு, முக்காலி எனக்கு. தலைமயிர்கூட அவருக்கு இன்னும் அப்படியே இருக்கிறது. மனுசன் கெட்டவராக இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். ஆனால் தங்கமான மனுசன், அதனால் வீட்டில் வாய் திறந்து ஒரு குறை சொல்லவும் வழியில்லை.

நாட்டில் சில வருசம் நிறுத்தி வைத்திருந்த வாகன இறக்குமதி திரும்பத் திறந்ததும் அவர் ஒரு ஹைபிரிட் கார் வாங்கினார். சாம்பல் நிறம். பெற்றோலும் உண்டு, பற்றரியும் உண்டு, ஓட ஓடத் தன்னைத் தானே சார்ஜ் செய்துகொள்ளும். அதன் பிறகு உப்புவெளியில் இருந்து திருகோணமலை துறைமுகப் பக்கம் இருக்கும் எங்கள் வீட்டுக்கு ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வரத் தொடங்கினார். வந்து வாசல் படலையடியில் நிறுத்திவிட்டு இறங்கமாட்டார், கண்ணாடியை மட்டும் இறக்குவார்.

"தம்பி, எஞ்சின் ஓடுதோ நிண்டுட்டுதோ எண்டு எனக்கே விளங்குதில்லை, கேட்டுப் பாரும்."

நான் காதைக் கொடுத்துக் கேட்பேன். ஒரு சத்தமும் இராது. எனக்குள்தான் ஏதோ பற்றிக்கொண்டு எரியும். என்னுடைய பழைய மோட்டார் சைக்கிளை உதைத்துக் கிளப்பினால் ஒழுங்கையின் கடைசி வீட்டு நாய்வரை குரைக்கும்.

அவர் போன பிறகு வதனி தொடங்குவாள். "அத்தான்ர காருக்குள்ள இருந்தா மீன் சந்தையடியால போனாலும் மணமே தெரியாது." இத்தனை வருசம் என் பின்னால் மோட்டார் சைக்கிளில் இருந்து அதே சந்தையடியால் வந்தவள், மணத்தைப் பற்றி அதுவரை ஒரு வார்த்தை சொன்னதில்லை.

கார் வாங்குவது என்று முடிவானது. எந்தக் கார் என்பதில்தான் வீடு இரண்டாகப் பிரிந்தது. வதனிக்கு ஹைபிரிட் வேண்டும். எனக்கு அது கூடவே கூடாது. நானும் ஹைபிரிட் வாங்கினால் குடும்பத்தில் அது இரண்டாவது ஹைபிரிட், அதாவது திரும்பவும் மீன் வால். முழு எலெக்ட்ரிக் வாங்கினால்தான் அவருடைய கார் ஒரே நாளில் பழசாகிப் போகும். இந்தக் காரணத்தை வெளியே சொல்ல முடியாது என்பதால் புகை, சுற்றாடல், வருங்காலச் சந்ததி என்று பெரிய பெரிய கதை எல்லாம் கதைத்தேன்.

"பெற்றோல் வரிசையில மூண்டு நாள் நிண்டது மறந்து போச்சோ?" என்று கேட்டேன்.

"பத்து மணித்தியாலம் கரண்ட் இல்லாமல் விசிறிக்கொண்டு இருந்தது உங்களுக்கு மறந்து போச்சோ?" என்றாள் அவள். "கண்டியில படிக்கிற பிள்ளையைப் பார்க்கப் போக வேணும். கந்தளாய் தாண்டிக் காட்டுக்குள்ள சார்ஜ் முடிஞ்சா என்ன செய்யிறது? யானை வந்து தள்ளிவிடுமோ?"

"யானை வந்தா ஹைபிரிட்டில மட்டும் தப்பலாமோ?"

"பெற்றோல் இருந்தா ஓடலாம்."

அவள் சொன்னது சரிதான். அது சரி என்பதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. நகரத்தில் வாகனம் விற்கும் நசீர் நானா என்ற கிண்ணியாக்காரரிடம் போய், ஒரு வெள்ளை எலெக்ட்ரிக் காரை ஓட்டிப் பார்த்தேன். கடற்கரைப் பக்கம் வீதியின் நடுவில் ஒரு மான் நின்றது. (எங்கள் ஊரில் மான்கள் மாடுகளைப் போலத் திரியும். வெளியூர்க்காரர் படம் எடுப்பார்கள், நாங்கள் ஹோர்ன் அடிப்போம்.) காரில் சத்தம் இல்லாததால் நான் பக்கத்தில் வரும்வரை மான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பிறகு பார்த்தது. பார்த்துவிட்டு அப்படியே நின்றது. எனக்கு வீட்டில் கிடைக்கும் மரியாதையையே அதுவும் தந்தது.

"பாத்தீங்களா சேர், மானுக்கே தெரியல்ல" என்றார் நசீர் நானா, அது காரின் பெருமை என்பதுபோல. எனக்கும் அப்படித்தான் பட்டது. இந்தக் காரில் உப்புவெளிக்குப் போய் அவருடைய படலையடியில் நிறுத்தி, கண்ணாடியை இறக்கி, "அண்ணை, ஒரு சொட்டுப் பெற்றோல்கூட இல்லை" என்று சொல்வதாக நான் வரும் வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தேன்.

ஒரு மாதம் இழுபட்டது. கடைசியில் வதனிதான் சொன்னாள். "எங்கட பிள்ளையாரிட்டைப் பூ வைச்சுக் கேப்பம். அவர் என்ன சொல்லுறாரோ அதுதான். பிறகு நானும் கதைக்க மாட்டன், நீங்களும் கதைக்கக் கூடாது."

ஒரு முடிவுக்கு வர முடியாவிட்டால் எங்கள் வீடுகளில் செய்கிற வேலைதான். இரண்டு நிறத்தில் இரண்டு பூவைத் தனித்தனியாகப் பொட்டலமாக மடித்துச் சாமி காலடியில் வைப்போம். ஒன்றும் அறியாத ஒரு குழந்தை வந்து ஒன்றை எடுக்கும். அதில் இருக்கும் நிறம் சாமியின் பதில். வெள்ளை நந்தியாவட்டை என்றால் எலெக்ட்ரிக், சிவப்பு ரோசா என்றால் ஹைபிரிட் என்று பேசிக்கொண்டோம். எடுப்பதற்குக் குழந்தை வேண்டுமே. அதற்கு அக்காவின் நாலு வயதுப் பேத்தி ஆரணியைக் கூட்டிவருவது என்று ஏற்பாடு.

வெள்ளிக்கிழமை காலை வதனி சாடியில் இருந்த ஒரே ஒரு ரோசாவை ஆய்ந்து என் கையில் தந்தாள். "நான் சாமிக்குப் புக்கை பொங்க வேணும். பொட்டலத்தை நீங்களே மடியுங்கோ." என்ன நம்பிக்கை அவளுக்கு என் மேல். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

நான் கிணற்றடியில் குந்தியிருந்து வாழையிலையைக் கிழித்தேன். முதல் துண்டில் நந்தியாவட்டையை வைத்து மடித்தேன். இரண்டாவது துண்டை எடுத்தபோது ஒழுங்கையால் ஏதோ சாம்பல் நிறக் கார் ஒன்று போனது. அவருடையது அல்ல. ஆனாலும் போதும். இரண்டாவது துண்டிலும் நந்தியாவட்டையை வைத்து நார் கட்டினேன். ரோசாவை என் சேர்ட் பையில் போட்டேன். (பிள்ளையாரை ஏமாற்றவில்லை, அவருடைய வேலையைச் சுலபமாக்குகிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மனிதன் கெட்டுப் போகும்போது மூளை நன்றாக வேலை செய்யும்.)

கோயிலில் ஆண்கள் சேர்ட்டைக் கழற்ற வேண்டும். கழற்றி வாசல் கம்பியில் தொங்கவிட்டு உள்ளே போனேன். குகன் அண்ணை ஏற்கெனவே வந்து நின்றார், பட்டு வேட்டியோடு. பொட்டலங்களை ஐயர் வாங்கிப் பிள்ளையாரின் காலடியில் வைத்துக் கற்பூரம் காட்டினார். ஆரணி ஓடிப்போய் ஒன்றை எடுத்தாள். ஐயர் அவிழ்த்தார்.

"வெள்ளை."

நான் முகத்தைக் கொஞ்சம் சோகமாக வைத்துக்கொண்டேன். "சரி, பிள்ளையார் சொல்லிட்டார். நாங்கள் என்ன செய்யிறது" என்றேன். வதனி கண்ணை மூடிக் கும்பிட்டாள். குகன் அண்ணை, "நல்லது தம்பி. முழுக் கரண்டோ? நல்லது" என்றார். அந்த இரண்டாவது 'நல்லது' கொஞ்சம் மெலிந்துதான் வந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், இருபத்தேழு வருசத்தில் நான் அவ்வளவு சந்தோசமாக இருந்ததே இல்லை.

அப்போது ஆரணி சொன்னாள், "எனக்குச் சிவப்புப் பூ வேணும்."

"மற்றதில இருக்கு செல்லம்" என்றார் அக்கா. "ஐயா, அதை எடுத்துத் தாங்கோ, பிள்ளையின்ர தலையில வைச்சு விடுவம்."

எனக்கு முன்னால் கை போய்விட்டது. ஐயருடைய கை நீளுவதற்குள் பொட்டலத்தை எடுத்துவிட்டேன். "சாமிக்கு வைச்ச பூ. பிள்ளைகள் விளையாடக் கூடாது" என்றேன். சொன்ன பிறகுதான் அதை எங்கே ஒளிப்பது என்ற யோசனை வந்தது. மேலில் சேர்ட் இல்லை, பையும் இல்லை. வேட்டி இடுப்பில் செருகினேன். ஆரணி அழத் தொடங்கி, "சின்னத் தாத்தா, தாங்கோ" என்று என் வேட்டியைப் பிடித்து இழுத்தாள். நாலு வயதுக் குழந்தைக்கு அவ்வளவு பலம் எங்கிருந்து வருகிறது என்று தெரியவில்லை. பிள்ளையார் சந்நிதியில் வேட்டியா பொட்டலமா என்று நான் முடிவெடுக்க வேண்டி வந்தது. இரண்டு கையாலும் வேட்டியைப் பிடித்தேன். பொட்டலம் விழுந்தது.

ஐயர் குனிந்து எடுத்தார். குழந்தை அழுகிறதே என்று அன்போடு நாரை அவிழ்த்தார். உள்ளே பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"இதுவும் வெள்ளைதானே."

வதனி கிட்ட வந்து இலையைப் பார்த்தாள். பூவைத் தொட்டுத் திருப்பிப் பார்த்தாள், அதன் மறுபக்கம் சிவப்பாக இருக்கக்கூடும் என்பதுபோல. பிறகு மிகவும் மெதுவாகக் கேட்டாள். "அந்த ரோசா எங்க?"

நான் வாசலுக்கு நடந்தேன். எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, கம்பியில் தொங்கிய என் சேர்ட் பைக்குள் கையை விட்டு, கசங்கிப் போன ரோசாவை எடுத்துக்கொண்டு திரும்பி வந்து ஆரணியிடம் கொடுத்தேன். குழந்தை ஒருத்திதான் சிரித்தாள். குகன் அண்ணை தொண்டையைச் செருமினார்.

"தம்பி, பிள்ளையாருக்கு நீர் ஒரு வழிதான் விட்டிருக்கிறீர்."

திரும்பிப் போனது அவருடைய ஹைபிரிட் காரில். வதனியும் நானும் பின் சீற்றில் இருந்தோம். அந்தக் காரின் அருமை அன்றைக்குத்தான் எனக்கு முழுதாக விளங்கியது. மறைந்துகொள்ள ஒரு எஞ்சின் சத்தம்கூட இல்லை. வதனி விடுகிற மூச்சு எனக்குத் தெளிவாகக் கேட்டது. மீன் சந்தையடியால் போனோம். மணம் தெரியவில்லை.

மூன்று நாள் அவள் என்னோடு கதைக்கவில்லை. தேத்தண்ணி மேசைக்கு வரும், சோறு வரும், ஆள் வராது. நான்காம் நாள் கிணற்றடியில் போய் நின்றேன். "பிழைதான்" என்றேன்.

"ஏன் செய்தனீங்கள்?"

சுற்றாடலைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தேன். அவள் பார்த்த பார்வையில் அது உள்ளேயே போய்விட்டது. "எனக்குக் குகன் அண்ணையைப் பார்க்க எரியுது" என்றேன். "கலியாணம் கட்டின நாளிலயிருந்து எரியுது."

அவள் வாளியைக் கீழே வைத்தாள். "இதை என்னட்ட முதலே சொல்லியிருந்தா நானே எலெக்ட்ரிக் எண்டு சொல்லியிருப்பனே. எனக்கு மட்டும் என்ன, அக்கா அந்தக் காரில வந்து இறங்கேக்க குளுகுளு எண்டோ இருக்கு? சாமியை ஏன் இழுத்தனீங்கள்? என்னை ஏன் பேய்க்காட்டினனீங்கள்?"

வெள்ளைக் காரைத்தான் வாங்கினோம். பிள்ளையார் இரண்டு தரம் வெள்ளை என்று சொன்னதை மறுக்க ஏலாது என்றாள் வதனி. நல்ல கார். கண்டிக்கும் போய் வந்தோம், தம்புள்ளையில் சார்ஜ் போட்டு. யானை வரவில்லை. ஆனால் காரைப் பற்றி நான் ஒரு பெருமை பேச முடியாது. உப்புவெளிப் படலையடியில் கண்ணாடியை இறக்கினால், உள்ளே இருந்து ஆரணியே ஓடிவந்து, "சின்னத் தாத்தா, சிவப்புப் பூ கொண்டு வந்தனீங்களோ?" என்று கேட்கிறாள்.

எங்கள் குடும்பத்தில் இப்போது ஒருவர் சொல்வதை மற்றவர் நம்பாவிட்டால் நீளமாக ஒன்றும் கேட்பதில்லை. "மற்றப் பொட்டலத்தையும் அவிழுங்கோ" என்கிறார்கள். மீன் புதுசு என்று நான் சந்தையில் இருந்து வந்தாலும் அதுதான். மகள் கண்டியில் இருந்து சோதனை நன்றாகச் செய்தேன் என்று சொன்னாலும் தாய் கேட்பது அதுதான்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை குகன் அண்ணை அக்காவையும் கூட்டிக்கொண்டு வந்தார். ஒரு சத்தமும் இல்லை. படலையடியில் நீல நிறத்தில் புத்தம் புதிய கார் நின்றது. முழு எலெக்ட்ரிக். என்னுடையதைவிட ஒரு சாண் நீளம்.

"பழசைக் குடுத்திட்டன் தம்பி" என்றார், கைபிடி வைத்த கதிரையில் இருந்தபடி. "உன்ர அக்கா ஹைபிரிட்டை விட மாட்டன் எண்டு நிண்டவ, வதனி. பிறகு நாங்களும் கோயிலில பூ வைச்சுக் கேட்டம். வெள்ளைதான் வந்தது."

வதனி தேத்தண்ணியை அவர் முன்னால் வைத்தாள். "மற்றப் பொட்டலத்தை அவிழ்த்துப் பார்த்தனீங்களோ, அத்தான்?"

குகன் அண்ணை தேத்தண்ணியை எடுத்து ஊதினார். அது அவ்வளவு சூடாக இருக்கவில்லை. அக்கா மெல்லத் திரும்பி அவரைப் பார்த்தார்.

"தேத்தண்ணி நல்லாயிருக்கு" என்றார் குகன் அண்ணை.

அவ்வளவு காலமும் அந்த மனுசனுக்கு என் காரைப் பார்த்து எரிந்திருக்கிறது. நியாயமாகப் பார்த்தால் நான் அன்றைக்குச் சந்தோசப்பட்டிருக்க வேண்டும். ஆனால் ஒரு விசயத்தை மட்டும் என்னால் இன்னும் தாங்க முடியவில்லை. நான் செய்த அதே வேலையைத்தான் அவரும் செய்திருக்கிறார். அவரைக் கோயிலில் வைத்து ஒருவரும் பிடிக்கவில்லை.