என்னை வைத்துப் பிழைக்கும் என் மகள்

பெருமதிப்பிற்குரிய மச்சான் அவர்களுக்கு,

வணக்கம். இங்கு நானும் உங்கள் தங்கையும் நலம் என்று தொடங்குவதுதான் முறை. தங்கை நலம். என் நிலைமையைத் தனியாக எழுத வேண்டியிருக்கிறது, அதற்குத்தான் இந்தக் கடிதம். போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் நான் நாலு வார்த்தை பேசுவதற்குள் உங்கள் தங்கை அடுத்த அறையிலிருந்து "அண்ணா, அவர் சொல்றத அப்படியே நம்பாதீங்க" என்று குரல் கொடுப்பாள்.

விஷயம் உங்கள் மருமகளை, அதாவது என் ஒரே மகளைப் பற்றியது. நீங்கள் சொன்னீர்கள் என்றுதான் அவளைக் கணக்குப் படிக்க வைத்தோம். ஆடிட்டர் அலுவலகத்தில் நல்ல வேலை, ஜன்னலோர மேஜை. அந்த ஜன்னல் திறக்கிறதா என்று நானே போய்த் திறந்து பார்த்துவிட்டு வந்தேன். பகலெல்லாம் ஊரார் கணக்கைச் சரிபார்ப்பவள், சாயங்காலமானால் மேடையேறி ஊராரைச் சிரிக்க வைக்கிறாள். ஸ்டாண்ட்-அப் காமெடி என்று பெயர். வேஷம் கிடையாது, கூட நடிக்க ஆள் கிடையாது. ஒரு மைக், ஒரு ஸ்டூல், ஒரு தண்ணீர் பாட்டில், அவ்வளவுதான். ஸ்டூல்தான் இருக்கிறதே, உட்கார்ந்து பேசினால் என்ன என்று கேட்டேன். அது பாட்டில் உட்காரவாம்.

முதலில் வாரப் பத்திரிகையில் நகைச்சுவைக் கட்டுரை என்றுதான் ஆரம்பித்தாள். என் பெண் எழுதுகிறாள் என்று நான் அந்தப் பத்திரிகையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தெருவெல்லாம் நடந்தேன். உள்ளே என்ன இருக்கிறது என்று பிரித்துப் பார்க்காமல் நடந்ததுதான் நான் செய்த பைத்தியக்காரத்தனம். உள்ளே இருந்தது நான்! உங்களுக்குத் தெரியும், உத்தியோக காலம் முழுக்கக் கட்டடங்களில் தீப்பாதுகாப்பு சரியாக இருக்கிறதா என்று பரிசோதித்தவன் நான். யார் வீட்டுக்குப் போனாலும் முதலில் வெளியே ஓட வழி எது என்று பார்த்துவிட்டுத்தான் உட்காருவேன். அது குற்றமா? மாதம் ஒருமுறை நம் வீட்டில் தீப்பயிற்சி நடத்துவேன். விசில் ஊதினால் எல்லோரும் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு வாசலுக்கு வர வேண்டும். ஒருமுறை உங்கள் தங்கை அடுப்படியை விட்டு நகரவே இல்லை. "பாலை இறக்கிட்டு வரேன், அதுவரைக்கும் உங்க தீயக் கொஞ்சம் நிக்கச் சொல்லுங்க" என்றாள். இதையும் எழுதிவிட்டாள் பாவி மகள், மேடையில் என் குரலிலேயே சொல்லியும் காட்டினாள். விசில் ஊதுவதுபோல் கன்னத்தை வேறு உப்பிக்கொள்வாளாம்.

அதன்பிறகு நான் தெருவில் நடக்க முடியவில்லை. முடி திருத்துபவர் கத்தியை என் கழுத்தில் வைத்துக்கொண்டு, "சார், இப்ப தீப்பிடிச்சா பாதி ஷேவோட எந்தப் பக்கமா ஓடுவீங்க?" என்கிறார். கத்தி இருந்த இடத்தை உத்தேசித்து நான் பதில் சொல்லவில்லை. பல் டாக்டர் என் வாயைத் திறந்து வைத்துவிட்டு நர்ஸிடம் அந்தப் பால் கதையைச் சொல்லி இருவரும் சிரிக்கிறார்கள், வாயை மூடவும் விடமாட்டேன் என்கிறார்கள். வீட்டுக்கு வந்து மகளைக் கூப்பிட்டுக் கண்டிப்பாகச் சொன்னேன். "இனிமே மேடையிலயோ பத்திரிகையிலயோ என்னைப் பத்தி ஒரு வார்த்தை வரக்கூடாது." அவள் "சரிப்பா" என்றாள். பிறந்ததிலிருந்து எதற்கும் சரி என்று சொன்னவள் இல்லை அவள். அப்போதே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள், அதுதான் வினையாகப் போயிற்று. மழையைப் பற்றி எழுதினாள், திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஆபீஸ் லிஃப்டைப் பற்றி எழுதினாள், அதுவும் திரும்பி வந்தது. தட்டில் போட்டதைக் கிளறிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். உங்கள் தங்கை என்னிடம் பேசுவதை நிறுத்திவிட்டாள். பேசினாலும் சுவரைப் பார்த்துத்தான். "நல்லா ஓடிட்டிருந்த வண்டிக்கு முட்டுக்கட்டை போட்டாச்சு, இனி நிம்மதியாத் தூங்கலாம்" என்று சுவரிடம் சொல்கிறாள். சுவருக்கு என்ன தெரியும், எனக்குத்தானே குத்துகிறது.

போன ஞாயிற்றுக்கிழமை ஒரு காபிக் கடை மாடியில் அவள் நிகழ்ச்சி. பெரிய அரங்கம் ஒன்றை நடத்துகிற இரண்டு பேர் இவளைப் பார்ப்பதற்கென்றே வந்திருந்தார்கள். பிடித்துப்போனால் அங்கே ஒரு மணி நேரம் இவள் ஒருத்தியே பேசலாம். அவள் வாக்குத் தவறிவிடுவாளோ என்று நானும் போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். தவறவில்லை. ரசீது, வரி, கழிவு என்று ஆடிட்டர் ஆபீஸைப் பற்றியே பேசினாள். ஒருத்தர் சிரிக்கவில்லை. முன்வரிசையில் ஒருவன் போனை நோண்டிக்கொண்டிருந்தான். என் பிள்ளை தண்ணீர் பாட்டிலைத் திறந்தாள், குடிக்காமல் மூடினாள், மறுபடி திறந்தாள். மச்சான், தீப்பிடித்து அணைந்த கட்டடங்களுக்குள் புகையோடு புகையாகப் போய் வந்தவன் நான். அங்கெல்லாம் அடைக்காத நெஞ்சு அன்று அடைத்தது. அவள் அப்படி நிற்பதைப் பார்க்க முடியாமல் முகத்தைத் திருப்பினேன். திருப்பிய பக்கம் அவசரக் கதவு. அதை மறைத்து உச்சிவரை நாற்காலிகளை அடுக்கி வைத்திருந்தான் கடைக்காரன்.

எழுந்துவிட்டேன். வேறு என்ன செய்யச் சொல்கிறீர்கள்? "மன்னிக்கணும், அந்தக் கதவை மறிச்சு நாற்காலி அடுக்கியிருக்கீங்க, இது பெரிய தப்பு" என்றேன். மொத்தக் கூட்டமும் என் பக்கம் திரும்பியது. யாரோ ஒரு பெண், "ஐயோ, இவர்தான் அந்த அப்பா" என்றாள். கூரை இடிந்து விழுகிற மாதிரி ஒரு சிரிப்பு. மேடையில் இருந்தவள் இரண்டு கையையும் தூக்கி, "நான் ஒண்ணுமே சொல்லலீங்க, வாக்குக் குடுத்திருக்கேன்" என்றாள். அதற்கு இன்னும் சிரிப்பு. இது சிரிக்கிற விஷயம் இல்லை என்று விளக்கினேன், அதற்கும் சிரித்தார்கள். வாயால் சொன்னால் ஏறாது என்று நாற்காலிகளை அகற்ற வைத்து, மொத்தக் கூட்டத்தையும் வரிசையாக அந்தக் கதவு வழியே கீழே இறக்கி மறுபடி மேலே ஏற்றினேன். அந்த அரங்கக்காரர்கள் இருவரும்கூட ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு இறங்கினார்கள். அவ்வளவு ஒழுங்கான பயிற்சியை நான் உத்தியோகத்தில் இருந்தபோதுகூடப் பார்த்ததில்லை.

விளைவு என்ன தெரியுமா? பெரிய அரங்கம் கிடைத்துவிட்டது. ஆனால் அப்பா கதை கட்டாயம் இருக்க வேண்டுமாம். "அப்பா சரின்னு சொன்னா செய்றேன், இல்லன்னா வேணாம்" என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்லியாக வேண்டும். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இதையும் சுவர் மூலமாகத்தான் தெரிந்துகொண்டேன். ஒத்துக்கொண்டால் ஆடிட்டர் வேலையை விட்டுவிடுவாள். இன்றைக்குச் சிரிக்கிறவன் நாளைக்குக் கொட்டாவி விடுவான், கணக்கு என்றைக்கும் கணக்குத்தானே. அதனால் நீங்கள் வியாழக்கிழமையே கிளம்பி வந்து, இந்த மேடையெல்லாம் வேண்டாம் என்று அவளுக்குப் புத்தி சொல்ல வேண்டும். நான் சொன்னால் பிடிவாதம், நீங்கள் சொன்னால் அறிவுரை. மாமா சொன்னால் தட்டமாட்டாள்.

அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகள் எல்லாம் சீரும் சிறப்புமாக இருக்க வேண்டும். உங்கள் வீட்டு மாடிப்படியில் நிற்கும் சைக்கிளை இந்தக் கடிதம் கிடைத்ததும் அப்புறப்படுத்தவும்.

இப்படிக்கு,
மானம் போனாலும் மரியாதை குறையாத,
உங்கள் தங்கை கணவன்.

பின்குறிப்பு: கடிதத்தை உறையில் போட்டு ஒட்டச் சொல்லி உங்கள் தங்கையிடம் கொடுத்தது தப்பாகப் போயிற்று. படித்துவிட்டு அடுப்படித் தரையில் உட்கார்ந்து சிரித்தாள். பிறகு மகளைக் கூப்பிட்டுக் கொடுத்தாள். அவள் நின்றபடியே முழுவதும் படித்தாள். சிரிக்கவில்லை. "அப்பா, நெஞ்சடைச்சதுன்னு எழுதியிருக்கீங்களே, நிஜமாவா?" என்று மட்டும் கேட்டாள். ஆமாம் என்றேன். சின்னப் பிள்ளை மாதிரி என் தோளில் சாய்ந்து அழுதுவிட்டாள், எனக்கும் கண் நிறைந்துவிட்டது. கொஞ்ச நேரம் கழித்து மூக்கைத் துடைத்துக்கொண்டு, "இதை அப்படியே மேடைல படிக்கலாமாப்பா?" என்றாள். படி என்று சொல்லிவிட்டேன். ஆகவே வியாழக்கிழமை நீங்கள் புத்தி சொல்ல வர வேண்டாம், நிகழ்ச்சிக்குக் குடும்பத்தோடு வந்தால் போதும். ஆனால் இந்தக் கடிதத்துக்கு உடனே ஒரு பதில் போடுங்கள், முடிந்தவரை கோபமாக. ஒரு மணி நேரம் நிரம்ப இன்னும் கொஞ்சம் தேவைப்படுகிறதாம். உங்கள் பதில் வந்து சேரும்வரை உங்களைப் பற்றி எனக்குத் தெரிந்ததையெல்லாம் நான் சொல்லிக்கொண்டிருக்கிறேன், அவளுக்கு எழுதி மாளவில்லை.